பெரிய அடுப்பு வீட்டுக்கு வருமுன்



புதுவீடு புகும் நாளில் நம்மவர் முதலில் செய்வது பால் காய்ச்சுதல். கட்டில், பெட்டி, பாத்திரங்கள் யாவும் பின்னர் வந்து சேரலாம்; அடுப்பு மட்டும் அன்று காலையிலேயே எரிந்தாக வேண்டும். பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வந்து குடியேறியுள்ள நமக்கு இவ்வழக்கம் இன்னும் அருமையானது. ஊர் மாறினும், சுற்றிலும் கேட்கும் மொழி மாறினும், பால் பொங்கிய அந்த வேளையில் வாடகை வீடும் நம் வீடாகிவிடுகிறது.

அந்த அடுப்பும் காலத்துக்கேற்ப மாறியே வந்துள்ளது. மூன்று கற்களை வைத்து மூட்டிய அடுப்பு, சாணமிட்டு மெழுகிய மண் அடுப்பு, கரி போட்ட குமுட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், எரிவாயு அடுப்பு என்று ஒவ்வொன்றாக நம் சமையலறைக்குள் வந்தன. இப்பொழுது சில இல்லங்களில் மின்சாரத்தால் இயங்கும் பெரிய அடுப்பு வந்து நிற்கிறது. கடைக்காரர்கள் இதனைக் 'குக்கிங் ரேஞ்ச்' என்பர். மேலே நான்கைந்து அடுப்புகள், கீழே ஓவன், யாவும் ஒரே இரும்புப் பெட்டியில் அடங்கியவை. மேடைமேல் தூக்கி வைக்கும் சிறிய இண்டக்சன் அடுப்பைப் போலன்றி, இது தரையில் தன் கால்களில் நிற்பது. அகலமான வகை 100 கிலோவையும் தாண்டும்.

மண் அடுப்புக்கு மெழுகிய தரையும் ஒரு புகைபோக்கியும் போதுமாயிருந்தன. இந்த அடுப்போ நான்கு பொருள்களைக் கேட்கிறது: தாங்கும் தரை, ஏற்ற இடைவெளி, தக்க கம்பி, உண்மையான எர்த். இந்நான்கும் ஆயத்தமான பின்னரே அடுப்பு வாயிற்படி ஏற வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது. நாங்கள் அதனைத் தலைகீழாகச் செய்தோம். அதன் பலனையும் கண்டோம். ஆகவே எங்கள் அனுபவத்தையே முன்வைத்துச் சொல்லுகிறோம்.

மின்சாரத்தில் சமைப்பது நேற்று வந்த புதுமையன்று. 1893ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே மின்சாரச் சமையலறை ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தனர். சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமய மாநாடு அக்கண்காட்சியை ஒட்டி நடந்ததே. நாங்கள் வாழும் பெங்களூருக்கும் மின்சார உறவு பழமையானது. காவிரி அருவியாய் வீழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கும் வேலை, மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்திரி ஐயர் காலத்தில் தொடங்கியது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய அவர், வேலை நிறைவேறுமுன் 1901ஆம் ஆண்டிலேயே காலமானார். 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே சென்று முதலில் கோலார் தங்கவயலை அடைந்தது. அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழரே. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் பெங்களூர் நகரத் தெருவில் மின்விளக்கு எரிந்தது.

அந்தப் பழைமையின் அடையாளம் இந்நகரத்து வீடுகளில் இன்னும் உண்டு. முன்னாளில் விளக்குக்கு ஒரு மீட்டர், வெந்நீருக்கும் அடுப்புக்கும் வேறொரு மீட்டர் என்று வைத்து, இரண்டுக்கும் வெவ்வேறு கட்டணம் வாங்கினர். 'ஏ.இ.எச்.' என்னும் மூன்றெழுத்தைப் பழைய மின்கட்டணச் சீட்டுகளில் நீங்கள் கண்டிருக்கக்கூடும். எல்லாம் மின்சாரமாகிய இல்லம் என்பது அதன் பொருள். பெயர் அவ்வாறிருந்தாலும், சுவருக்குள் ஓடும் கம்பி ஒரு வெந்நீர்க் கொதிகலத்துக்கே போதுமானதாயிருக்கும். இதனை நாங்கள் பின்னரே உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அல்சூர் ஏரியை அடுத்த சந்து ஒன்றில், பழைய வீட்டின் தரைத்தளத்தில் குடியிருந்தோம். வேலூரிலிருந்து எங்கள் அன்னையாரும் வந்து எங்களோடு தங்கியிருந்தார். வெளிநாடு செல்லும் குடும்பம் ஒன்று தங்கள் பெரிய மின்சார அடுப்பை மலிவாகத் தருவதாகச் சொல்லிற்று. நாங்களும் மறுநாளே வண்டி வைத்து அழைத்து வந்துவிட்டோம். அகலம் 90 சென்டிமீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர், எடை 110 கிலோ. வீட்டு வாசலில் இறக்கிய பின்புதான் அளவு நாடாவைத் தேடினோம். அன்று முதல் ஏறக்குறைய நாற்பது நாள்கள் அவ்வடுப்பு திண்ணையோரத்தில் துணி போர்த்து நின்றது. வருவோர் போவோர் எல்லோரும் அதன்மேல் செய்தித்தாளையும் குடையையும் வைத்தனர்.

முதல் தடை வழி. தெருக்கதவு அகலமானது, கூடத்திலிருந்து சமையலறைக்குச் செல்லும் கதவோ நிலை நீங்கலாக 70 சென்டிமீட்டரே. அடுப்பைப் பக்கவாட்டில் திருப்பினால் 60 சென்டிமீட்டர் ஆழம் நுழையும் என்று எண்ணினோம். ஓவன் கதவின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கணக்கிடவில்லை. நேயர்களே, அடுப்பின் அளவை மட்டும் கேட்டறிதல் போதாது. தெருமுனையில் வண்டி திரும்புமா, மாடிப்படியின் திருப்பம் எத்துணை, மின்தூக்கியின் கதவும் உள் ஆழமும் எவ்வளவு, கடைசிக் கதவின் நிலைக்குள் இடைவெளி என்ன என்று வாசல் முதல் சமையலறைச் சுவர்வரை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓவன் கதவையும் உள்தட்டுகளையும் கழற்றிவிட்டால் எடையும் குறையும், வழியும் அகலும். நான்கு பேர் அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். முன்னுள்ள கம்பியைப் பிடித்து இழுத்தல் ஆகாது. தரைமேல் பலகை பரப்பி அதன்மேல் நகர்த்தினால் தரை கீறாது.

இரண்டாவது தடை மேடை. எங்கள் சமையலறையில் சுவரோடு சுவராகக் கடப்பைக் கல் மேடை ஓடியது. நடுவே 90 சென்டிமீட்டர் வெட்டி எடுத்தால்தான் அடுப்பு உள்ளே நிற்கும். வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிப்பதற்கே உரிமையாளரைக் கேட்க வேண்டியிருக்க, மேடையை வெட்டுவது எங்ஙனம்? வீட்டுக்காரர் முதிய கன்னடப் பெரியவர். அவர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெட்டுங்கள், ஆனால் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். வெட்டிய கல்லைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். அது நியாயமான சொல். வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் பின்னாளில் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் நேர்ந்திருக்கும். மேடையில் செய்யும் மாற்றம், சுவரில் புதிதாகச் செல்லும் கம்பி, வீடு காலி செய்யும்போது யாருக்கு எது என்ற மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொள்வது நன்று.

மேடைக்கல்லை வெட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கல்லின் கீழே தாங்கு சுவர்கள் எங்கே உள்ளன என்று முதலில் பார்க்க வேண்டும். வெட்டியபின் முனை அந்தரத்தில் தொங்குமானால், ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் வைத்த அன்றே கல் முறிந்துவிடும். எங்கள் கொத்தனார் வெட்டுமுன்பே இரு பக்கமும் செங்கல்லால் புதிய தாங்கு சுவர் எழுப்பி, அது இறுகும்வரை காத்திருந்து, பின்னரே இயந்திரத்தை எடுத்தார். இடைவெளியை அடுப்பின் அகலத்துக்குச் சரியாக வைத்தலும் தவறு. தயாரிப்பாளர் கையேட்டில் இரு பக்கமும் பின்புறமும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எழுதியிருக்கும். அதுவே அளவு. மேலே மரப்பலகையாலான அலமாரி இருப்பின், அதற்கும் அடுப்புக்கும் இடையே விட வேண்டிய உயரத்தையும் அதில் காணலாம். எங்கள் வீட்டில் மேலே இருந்த மரத்தட்டை எடுத்தே விட்டோம்.

எரிவாயு சிலிண்டர் இன்னும் வீட்டில் இருக்குமாயின், அதனை இவ்வடுப்பின் பக்கத்துப் பெட்டியில் வைத்தல் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகப் படரும். மின்சார அடுப்பின் சூடும் சுவிட்சும் அதே இடத்தில் இருப்பது நல்லதன்று.

மூன்றாவது தரை. நம் சமையலறைகள் நாள்தோறும் நீர்விட்டுக் கழுவப்படுபவை. ஆதலால் பழைய வீடுகளில் தரை அங்கணத்தை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். அடுப்பை அப்படியே வைத்தால், தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும். ஓவனில் வைத்த மாவு ஒரு புறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் வேகும். அடுப்பின் கால்களில் திருகு உண்டு; ரசமட்டத்தை மேலே வைத்து, நீளத்திலும் அகலத்திலும் பார்த்து, ஒவ்வொரு காலையும் திருகிச் சமன் செய்யலாம். திருகின் அளவுக்கு மீறிச் சரிந்த தரையாயின், அடுப்பு நிற்கும் இடத்தை மட்டும் சிமெண்டுக் கலவையால் ஒரு திட்டாக உயர்த்தலாம். கழுவும் நீர் அடியிற் புகாமலிருக்கவும் அது உதவும். ஆனால் திட்டு அடுப்பின் அடியைவிட நான்கு பக்கமும் அகன்றிருக்க வேண்டும். கால் விளிம்புக்கு வந்தால் ஆபத்து.

எடையைப் பற்றியும் ஒரு கணக்கு. எங்கள் அடுப்பு 110 கிலோ. அதன்மேலும் உள்ளும் பாத்திரம், நீர், பண்டம் யாவும் சேர்த்து 30 கிலோ என்று கொள்வோம். ஆக 140 கிலோ. நான்கு கால்களில் ஒவ்வொன்றும் 35 கிலோவைத் தாங்குகிறது. அந்தக் காலின் அடிப்பாகமோ ஒரு நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. டைல்ஸ் கல்லின் கீழே கலவை நிரம்பாமல் பொள்ளலாக இருந்தால், அந்த இடத்தில் கல் விரியும். மரக்கட்டையால் தட்டிப் பார்த்தால் கெட்டியான இடமும் பொள்ளலான இடமும் ஓசையிலேயே தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு கற்கள் வெற்றோசை தந்தன. அவற்றைப் பெயர்த்து, கலவை நிரப்பி, மீண்டும் பதித்து, ஒரு வாரம் நீர் தெளித்து ஆறவிட்டோம்.

மாடியில் குடியிருப்போர் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். குடியிருப்பு வீட்டுச் சமையலறைத் தளம், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமையைத் தாங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தரநிலைக் கணக்கு. 140 கிலோ சுமை அரை சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடத்தில் நிற்பதால், அவ்விடத்தில் மட்டும் அந்த அளவைத் தாண்டும். பழுதற்ற கான்கிரீட் தளம் சுமையைப் பரப்பிக் கொள்ளும். பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கட்டையும் செங்கல்லும் கொண்டு கட்டிய பழைய மச்சுத் தளம், கீறல் கண்ட தளம், பால்கனியை அடைத்துச் சமையலறையாக்கிய இடம் ஆகிய மூன்றிலும் ஒரு பொறியாளரின் கண் பட்ட பின்பே இத்தகைய அடுப்பை வைக்க வேண்டும்.

நேயர்களே, வழியும் மேடையும் தரையும் ஆயின. இவை தவறினால் பணமும் பொழுதும் போகும். இனிச் சொல்லப் போகும் இரண்டும் தவறினால் உயிரே போகும்.

தீபாவளிக்கு இரண்டே நாள் இருந்தது. அடுப்பு ஒருவாறு தன் இடத்தில் நின்றுவிட்டது. புதுக் கம்பி போட இன்னும் ஒரு வாரமாகும் என்று தெரிந்ததும் எங்களுக்குப் பொறுமை இல்லை. தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை அழைத்தோம். அவர் வெந்நீர்க் கொதிகலத்துக்குரிய இணைப்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து அடுப்பில் மாட்டி, "ஒரு அடுப்பு மட்டும் போடுங்கள், தாங்கும்" என்று சொல்லிச் சென்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவசரப்படுத்தியவர்கள் நாங்களே.

அன்று மாலை அன்னையார் பாகு காய்ச்சுவதற்காகப் பித்தளைப் பாத்திரத்தை வைத்தார். சற்று முன்புதான் தரையைக் கழுவியிருந்தார். கால் ஈரம், கையும் ஈரம். அடுப்பின் விளிம்பில் கை பட்டதும் எதிர்ச்சுவர்வரை தூக்கியெறியப்பட்டார். நாங்கள் ஓடிச் சென்று மெயின் சுவிட்சை இறக்கினோம். தெய்வாதீனமாக அவருக்குக் கையில் வலியும் நெஞ்சில் படபடப்பும் தவிர வேறொன்றும் நேரவில்லை. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஓரிரவு வைத்திருந்து அழைத்து வந்தோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "நெருப்பு கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். இது எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு எங்களிடம் விடையில்லை.

அவ்விடையைத் தந்தவர், அடுத்த வாரம் வந்த உரிமம் பெற்ற மின்பணியாளர். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். சுரங்கம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னர், அவ்வூரார் பலரைப்போல அவரும் அதிகாலை ரயிலேறிப் பெங்களூர் வந்து வேலை செய்து இரவில் வீடு திரும்புபவர். அவர் அடுப்பைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். மூன்று கம்பிகளுள் பச்சைக் கம்பி எதிலும் சேராமல் உள்ளே மடிந்து கிடந்தது. பின்பு வெளியே சென்று மீட்டருக்குக் கீழே தேடினார். எர்த் குழி இருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த கம்பி முனையும் காய்ந்த மண்ணும் இருந்தன. "அம்மா தொட்டது அடுப்பைத்தான், பழுது இருந்தது பூமியில்" என்றார்.

அவர் விளக்கியது இது. மின்சாரம் பேஸ் கம்பி வழியே வந்து, நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. எர்த் கம்பிக்கு அன்றாட வேலை ஒன்றுமில்லை. நாள்கணக்கில் வெளியில் நின்ற அடுப்பின் வெப்பச்சுருள் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. அதனால் மின்சாரம் சிறிது சிறிதாக அடுப்பின் இரும்பு உடலுக்குக் கசிந்தது. எர்த் சரியாக இருந்திருந்தால், கசிந்த மின்சாரம் அதன் வழியே பூமிக்குச் சென்றிருக்கும். அது இல்லாமையால், ஈரக்கையும் ஈரக்காலுமாக நின்ற அன்னையாரின் உடலே வழியாயிற்று. மூன்று துளைப் பிளக் சுவரில் இருப்பதனால் எர்த் உண்டு என்று நாம் நம்புகிறோம். மூன்றாவது துளையின் பின்னால் கம்பி உண்டா, அக்கம்பி மண்ணைச் சேர்கிறதா, அந்த மண் ஈரமாக உள்ளதா என்பன வேறு வேறு கேள்விகள்.

வீட்டுக்காரரின் இசைவோடு, செம்பருத்திச் செடிக்கு அருகில் புதிய குழி தோண்டப்பட்டது. ஏறக்குறைய 2.5 மீட்டர் நீளமுள்ள, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அதில் நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட்டு மூடினார். மேலே நீர் ஊற்றுவதற்கு ஒரு புனலும் சிறு மூடியும் வைத்தார். பெங்களூரின் செம்மண் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் நன்றாகக் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்காது. ஆகவே கோடையில் வாரத்துக்கொருமுறை ஒரு குடம் நீர் ஊற்றுமாறு சொன்னார். பின்பு அளவுக்கருவியை வைத்து எர்த்தின் தடையை அளந்து, அந்த எண்ணை மீட்டர்ப் பெட்டியின் உட்புறத்தில் நாளோடு எழுதி வைத்தார். அடுக்குமாடிகளில் தனிக் குழிக்கு இடமில்லை. அங்கே கட்டடத்துக்குரிய பொது எர்த் எப்பொழுது அளக்கப்பட்டது என்று குடியிருப்போர் சங்கத்தைக் கேட்பது நம் உரிமை.

எர்த்தோடு இன்னொரு காவலும் வேண்டும். 'ஆர்.சி.சி.பி.' என்னும் கருவி, செல்லும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். இதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். 'எம்.சி.பி.' என்பது வேறு. அது கம்பி அளவுக்கு மீறிச் சூடேறாமல் காப்பது. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று எண்ணுதல் பிழை.

இனிக் கம்பி. நம் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். பெரிய பிளக் 16 ஆம்பியர் தாங்கும். அஃதாவது 3,680 வாட். எங்கள் அடுப்பில் மேலுள்ளவை யாவும் சேர்ந்து 7 கிலோவாட், ஓவன் 3 கிலோவாட், ஆக 10 கிலோவாட். அதனை 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 43 ஆம்பியர் வருகிறது. மின்சாரம் இரட்டித்தால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்பது இயற்கை விதி. ஆதலால் பிளக்கில் மாட்டுவதற்குரிய பொருளன்று இது. மெயின் பெட்டியிலிருந்து இதற்கென்றே தனிச் செப்புக் கம்பி வர வேண்டும். அதற்கென்றே தனி எம்.சி.பி.யும், பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும். கம்பி 6 சதுர மில்லிமீட்டரா, 10 சதுர மில்லிமீட்டரா என்பதைச் சுமையையும் தூரத்தையும் பார்த்து மின்பணியாளர் முடிவு செய்வார். சுவிட்சு அடுப்பின் பின்னாலோ நேர்மேலேயோ இருத்தல் ஆகாது. எண்ணெய் தீப்பிடித்தால் தீயின் குறுக்கே கையை நீட்ட நேரும். பக்கத்துச் சுவரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எல்லா அடுப்புகளும் ஒரே வேளையில் முழுச் சூட்டில் எரிவதில்லை என்று கருதி, பிரிட்டிஷ் வழக்கில் இந்த 43 ஆம்பியரைப் பாதிக்கும் குறைவாகக் கணக்கிடுவர். அங்குள்ள சமையலுக்கு அது பொருந்தலாம். பொங்கலன்றும் தீபாவளியன்றும் நம் வீட்டில் ஓர் அடுப்பில் குழம்பு, ஓர் அடுப்பில் வடை, ஓர் அடுப்பில் பாயசம், ஓவனில் ஏதேனும் ஒன்று, குளியலறையில் வெந்நீர் என்று யாவும் ஒருங்கே நடக்கும். ஆகவே பண்டிகை நாளை வைத்தே கம்பியைக் கணக்கிடுங்கள் என்று மின்பணியாளரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் கம்பி தடித்தால் மட்டும் போதாது. மின்கட்டணச் சீட்டில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்று அச்சிட்டிருக்கும். எங்கள் சீட்டில் 3 என்றிருந்தது. பெங்களூரில் 2002ஆம் ஆண்டு முதல் மின்வழங்கல் பெஸ்காம் நிறுவனத்தின் பொறுப்பு. முதியோர் இன்னும் கே.இ.பி. என்றே சொல்வர். அங்கே விண்ணப்பித்து, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் சான்றோடு சுமையை உயர்த்திக்கொண்டோம். மீட்டரும் மும்முனை மீட்டராக மாறியது. மாதாந்தர நிலைக்கட்டணம் சற்று உயர்ந்தது. வீட்டுக்காரர் பெயரில் இணைப்பு இருந்ததால் அவர் கையொப்பம் இல்லாமல் இவை நடந்திரா. மற்ற மாநிலங்களிலும் பெயர்கள் வேறாயினும் முறை பெரும்பாலும் இதுவே.

இறுதியாக ஒரு சங்கிலி. ஓவன் கதவு கீழ்நோக்கித் திறப்பது. திறந்த கதவின்மேல் குழந்தை ஏறி நின்றாலோ, கனமான பாத்திரத்தை வைத்தாலோ, 100 கிலோ அடுப்பும் முன்புறமாகக் கவிழக்கூடும். மேலே கொதிக்கும் குழம்பும் அதனோடு வரும். ஆகவே அடுப்பின் பின்புறத்தைச் சுவரோடு அல்லது தரையோடு பிணைக்கும் கொக்கியையோ சங்கிலியையோ பொருத்தாமல் முதல் நாளும் சமைத்தல் கூடாது. பல அடுப்புகளோடு அது பெட்டியிலேயே வரும். வேண்டாத பொருள் என்று தள்ளிவிடுவோரே மிகுதி.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் நிறைவேறின. முதலில் சன்னல்களைத் திறந்து வைத்து, வெறும் அடுப்பைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, உள்ளிருந்த ஈரமும் எண்ணெய் வாடையும் போகும்வரை விட்டோம். மின்பணியாளர் அடுப்பின் உடலில் கருவியை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். அதன் பின்னரே அன்னையாரை அழைத்தோம். அவர் வாசற்படியிலேயே சற்று நின்றார். பின்பு கைகளைத் துடைத்துக்கொண்டு, செருப்பணிந்து வந்து, பால் பாத்திரத்தை வைத்தார். அடிப்பாகம் தட்டையான புதுப் பாத்திரம் அது. வீட்டுக்காரப் பெரியவருக்கும் ஒரு தம்ளர் பால் சென்றது. கன்னடத்தில் அடுப்பை 'ஒலெ' என்பர். நம் உலை என்னும் சொல்லுக்கு உறவானதே அது.

பின்னாளில் நாங்கள் அவ்வீட்டைவிட்டு வேறு வீட்டுக்கு மாறினோம். அடுப்பு எங்களோடு வந்தது. வெட்டிய கடப்பைக் கல்லைப் பெரியவர் சொன்னவாறே திரும்பப் பொருத்திக் கொடுத்தோம். கம்பியையும் எர்த் குழியையும் பெயர்க்கவில்லை. அவை அவ்வீட்டிலேயே உள்ளன. இப்பொழுது அங்கே குடியிருப்பது சேலத்திலிருந்து வந்த ஓர் இளங்குடும்பம். கோடையில் செம்பருத்திச் செடிக்கு நீர் ஊற்றும்பொழுது பக்கத்திலுள்ள புனலிலும் ஒரு குடம் ஊற்றும்படி அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தோம்.